ஜன்னல் இல்லாத சலவைக்கூடம்

என் அக்காவை ஊரில் பாதிப் பேர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் துணி துவைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த வாசல் காவலாளிகூட வாய் கூசாமல் அக்கா என்பார். அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடுவேன். முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதுதான் எனக்கு ஆகாது.

அவனை நேரில் பார்த்தால் நானும் 'நீங்க' என்றுதான் பேசுவேன். வீட்டில் பேசும்போது அவன், இவன்தான். இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். நான் படித்தேன். படித்து முடித்துப் பேருந்தில் நடத்துநர் வேலை வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டேன். அவள் தனக்கென்று எதையும் தேடிக்கொள்ளவில்லை. கேட்டால், உன் ஒருத்தியைக் கட்டி மேய்க்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது என்பாள். என் வீட்டுக்காரரும் நானும் அவளும் இரண்டு அறை வீட்டில் ஒன்றாகத்தான் இருந்தோம்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற இடம் அது. உள்ளே நுழைந்தால் முதலில் துவைக்கிற இயந்திரங்கள், அப்புறம் தண்ணீர் பிழிகிறவை, கடைசியில் இஸ்திரி உருளை. ஒரு கட்டிலை விட நீளமான இரும்பு உருளை, உள்ளே நீராவி கொதித்துக்கொண்டிருக்கும். ஈர விரிப்பின் ஒரு முனையை அக்காவும் மறு முனையை அவள் கூட்டாளியும் பிடித்து இழுத்து, சுருக்கத்தை நீவி, உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று காய்ந்து வெளியே வரும். கூட்டாளிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் வாயைத் திறந்தால் வேலை முடிந்து செருப்பு மாட்டும்வரை மூடமாட்டாள். அக்கா ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவள் ஒரு ஊர்க்கதையை முடித்துவிடுவாள், ஆனாலும் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

வேலை அக்காவின் கையோடு வீட்டுக்கும் வந்துவிடும். கண்ணில் பட்டதையெல்லாம் மடித்து வைப்பாள். கடையில் கொடுக்கும் பையை மடிப்பாள். என் வீட்டுக்காரர் பாதி படித்துவிட்டு எழுந்து போன செய்தித்தாளை நான்காக மடித்து அலமாரியில் செருகிவிடுவாள், அவர் திரும்பி வந்து வீடு முழுக்கத் தேடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் கட்டிலில் உட்காருவதற்கு முன்னால் விரிப்பை ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். படுத்தே கிடக்கிற நோயாளிக்கு முதுகுக்குக் கீழே ஒரு சுருக்கம் இருந்தால் அந்த இடம் புண்ணாகிவிடும், அது தெரியுமா உனக்கு என்று என்னிடம் கேட்பாள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்களைத் திட்டுவதுதான்.

முதலாளி சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவன். அவன் அப்பா கூடத்தை நடத்திய காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் இங்கேதான் வந்து விழுவான். அக்கா தன் சாப்பாட்டில் பாதியை அவனுக்குக் கொடுப்பாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் காய்ந்த விரிப்புக் குவியலில் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வாள். அவள் அப்போதே அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அப்பா போய் அவன் முதலாளி ஆனதும் எல்லோர் எதிரிலும் 'வாங்க தம்பி, சொல்லுங்க தம்பி' என்று மாற்றிக்கொண்டாள். அவன் கோபித்துக்கொண்டானாம். என்ன அக்கா யாரோ மாதிரி பேசறீங்க என்றானாம். அதற்கு அப்புறமும் மதியம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் டப்பாவில் கை வைத்துத்தான் சாப்பிடுவான். இதை அவள் என்னிடம் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்துவிடுவோம். என் வீட்டுக்காரர் மெதுவாகத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். முதலாளி பாசம் என்பதெல்லாம் நடிப்பு, உன்னை வேலை வாங்க அதுதான் மலிவான வழி என்று நான் சொல்வேன். நடிப்பு இல்லை, அந்தப் பிள்ளை முகம் எனக்குத் தெரியும் என்று அவள் சொல்வாள். ஒரு நாள் நான் விடாப்பிடியாகப் பேசினேன்.

"அவன் நல்லவனா கெட்டவனாங்கறது பேச்சே இல்லக்கா. அவன் உக்காந்திருக்கிற நாற்காலி அப்படி. நாளைக்கு உன்னைத் தூக்கி அதுல உக்கார வெச்சா நீயும் அதையேதான் செய்வே."

"நீ நாற்காலியைப் பாக்கறே. நான் பிள்ளையைப் பாக்கறேன்," என்றாள் அக்கா.

நான் சங்கத்தில் இருக்கிறவள். எங்கள் பணிமனை மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடுவன்பூனை. அந்த ஆளும் நானும் மாதத்துக்கு ஒரு தடவையாவது தொண்டை வற்றக் கத்திக்கொள்வோம். ஓய்வறைக்கு மின்விசிறி, பெண்களுக்குத் தனிக் கழிவறை, ஒவ்வொன்றையும் பிடுங்கித்தான் வாங்கினோம். கத்தி முடித்ததும் அவர் தன் டீயைக் குடிப்பார், நான் என் டீயைக் குடிப்பேன். அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், நான் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். அவரை நினைத்து நான் ஒரு நாளும் அழுததில்லை.

அந்த இஸ்திரி உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை தவறி உள்ளே போகப் பார்த்தால் முதலில் அந்தக் கம்பியில் படும், உருளை நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈர விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் உருளை நின்றுவிடும். நின்றால் உள்ளே மாட்டிய துணி கருகிப் பழுப்பாகிவிடும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைத் திருப்பி அனுப்புவார்கள். கருகிய விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி ஒன்றும் சொல்லாமல் நிற்பானாம். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை என்றாள் அக்கா. அதனால் ஒரு நாள் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடாத் துண்டைக் கிழித்து, கம்பி அசையாதபடி மேலே தூக்கிக் கட்டிவிட்டாள். அன்றைக்கு ஒரு துணிகூடக் கருகவில்லை.

அவன் வந்து பார்த்தான். கட்டியிருந்த நாடாவையும் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுப் போனான். பிறகு அது வழக்கமாகிவிட்டது. காலையில் அக்கா வந்ததும் முதல் வேலை கம்பியைக் கட்டுவதுதான். நாடா இற்றுப்போனபோது புதிதாக ஒன்றை அவனே கிழித்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறான். நான் இதைக் கேட்டதும் குதித்தேன். உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா, அந்தக் கம்பி யாருக்காக வைத்திருக்கிறது என்று கேட்டேன். என் கைக்குத் தெரியாதா, இத்தனை வருஷமாகப் போடுகிற துணிதானே என்று சிரித்தாள்.

ஜன்னல் கதையும் அப்போதுதான் வந்தது. கம்பியைக் கட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளில் தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்துவிட்டார். அலுவலக அறையில் அவரை உட்கார வைத்துவிட்டு முதலாளி கூடத்து வாசலுக்கு ஓடி வந்தான். பின்னாலேயே ஆய்வாளரும் வந்துகொண்டிருந்தார். வெளிப்படையாக எதையும் சொல்ல முடியாது. அவன் அக்காவைப் பார்த்தான், வாயில் வந்ததைச் சொன்னான்: "அக்கா, ஒரே புழுக்கமா இருக்கு, ஜன்னலைத் திறந்து விடுங்க."

அந்தக் கூடத்தில் ஜன்னலே கிடையாது. மேலே வெளிக்காற்றுக்கு விசிறிகள் மட்டும்தான். ஆனால் அவன் கண் கம்பிப் பக்கம் போனதை அக்கா பார்த்துவிட்டாள். ஆய்வாளர் நுழைவதற்குள் நாடா அவிழ்ந்து அவள் இடுப்பில் செருகியாகிவிட்டது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னல் எங்கேம்மா என்று கேட்டிருக்கிறார். பெரிய முதலாளி காலத்தில் இருந்ததுங்க என்றாளாம் அக்கா. அவர் போன பிறகு முதலாளி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். அதற்கப்புறம் யார் சோதனைக்கு வந்தாலும் அவன் வாசலில் நின்று ஜன்னலைத் திறக்கச் சொல்வான், அவள் நாடாவை அவிழ்ப்பாள். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பார்த்தாயா, அவன் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் புரிந்தது, கூடப்பிறந்த உனக்குக்கூட அப்படிப் புரியாது என்று என்னைச் சீண்டுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் பிள்ளைகள் வார்டிலிருந்து வந்த சின்ன விரிப்புகளை உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. அக்கா அதை நீவிவிடக் கையை நீட்டினாள். கம்பி மேலே கட்டிக்கிடந்தது. உருளை துணியோடு கையையும் வாங்கிக்கொண்டது.

ரேடியோ ஓடிப்போய் மறுமுனையிலிருந்த விசையை அணைத்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

முதலாளிதான் அவளைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வழியெல்லாம் அவள், சீட்டெல்லாம் வீணாகிறது தம்பி, சீட்டெல்லாம் வீணாகிறது தம்பி என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். நான் வேலை உடுப்போடு, தோளில் பையோடு ஓடினேன். அவன் வராந்தாவில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் என் அக்காவின் ரத்தம். என்னைப் பார்த்ததும் தேம்பித் தேம்பி அழுதான். நான் மனுஷியாயிற்றே, எனக்கும் நெஞ்சு இளகிவிட்டது. இத்தனை வருஷமும் நான்தான் தப்பாகப் பேசிக்கொண்டிருந்தேனோ என்று அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்த அழுகை பொய் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவனே பார்த்துக்கொண்டான். கட்டு மாற்றுகிற ஒவ்வொரு நாளும் வந்து நின்றான்.

தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கம்பியைக் கட்டிவைத்தது யார், அது முதலாளிக்குத் தெரியுமா என்பதுதான் விசாரணை. அதற்கு முந்தின சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். பழப் பையை என் கையில் கொடுத்தான். உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். நெடுநேரம் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தரையைப் பார்த்துப் பேசினான். தனக்குத் தெரியும் என்று ஒத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிகள் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுவார்கள், கூடத்தை மூட வேண்டியதுதான், ரேடியோவிலிருந்து காவலாளிவரை எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றான். வக்கீல் அப்படித்தான் சொல்கிறார் என்றான்.

"நீங்களா கட்டினதா சொல்லிடுங்க அக்கா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. உங்களை நான் கடைசிவரைக்கும் பாத்துக்குவேன்."

அவள் கையும் போய், குற்றத்தையும் அவளே சுமக்க வேண்டுமா என்று கேட்டேன். நஷ்டஈடு அவளுக்குக் கிடைக்காமல் போகுமே, அது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அக்கா என்னை அதட்டி உட்கார வைத்தாள். அந்த வீட்டில் அவள் என்னை அதட்டியது அபூர்வம்.

"சொல்லிடறேன் தம்பி," என்றாள். "யார்கிட்ட வேணும்னாலும் சொல்றேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். வெளிய என்ன பேசினாலும் நம்ம ரெண்டு பேருக்குள்ள உண்மை இருக்கணும். உனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியணும். அது போதும் எனக்கு."

அவன் அவளுடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அது எப்படி அக்கா மறக்கும்?" என்றான். அழுதான். அவளும் அழுதாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை டமார் டமார் என்று வைத்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் அவனும் வக்கீலும். எதிர்ப்பக்கம் அக்காவும் நானும். இத்தனை வருஷம் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். விசாரித்த அதிகாரியம்மாவுக்குக் களைத்த முகம், ஆனால் நல்ல மனசு. முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாதுங்க என்றாள் அக்கா. யோசித்துச் சொல்லுங்கள், நீங்களே விதியை மீறியதாகிவிட்டால் நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம் என்றார் அந்த அம்மா. அக்கா எதிரே பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாதுங்க. நானேதான் கட்டினேன்," என்றாள்.

கையெழுத்துப் போட வலது கை இல்லை. இடது கட்டைவிரலைத்தான் மையில் அழுத்தினார்கள். படிக்க எழுதத் தெரிந்தவள், கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். நான் பேருந்து நிறுத்தம்வரை அவளோடு பேசவில்லை.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று நான் சொல்லமாட்டேன். காப்பாற்றினான். அழுக்குத் துணிகள் வந்து சேரும் முன்னறையில் அவளை உட்கார வைத்து, ஒற்றைக் கையால் செய்யக்கூடிய வேலையாகப் பார்த்துக் கொடுத்தான். சம்பளத்தைக் குறைக்கவில்லை. கூடம் மூடப்படவும் இல்லை. பேர் கெடாமல் தப்பித்ததால் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் வந்து சேர்ந்தன. புது உருளை வாங்கினான், யாரும் கட்ட முடியாதபடி கம்பியை மூடிப் பெட்டி போட்டான். நல்லதுதானே என்றாள் அக்கா. நல்லதுதான், முதல் நாளே செய்திருந்தால் உன் கை இருந்திருக்கும் என்றேன் நான்.

ஆரம்பத்தில் தினமும் முன்னறைக்கு வந்து நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனான். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனான். சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் வந்து உட்காருவது நின்றுபோயிற்று. அவள் இடது கையால் தடுமாறிச் சாப்பிடுவதைப் பார்க்கப் பிள்ளைக்குத் தாங்கவில்லை என்று அதற்கும் அவளே ஒரு காரணம் சொன்னாள். டப்பாவில் மட்டும் கொஞ்ச நாள் கூடுதலாகவே எடுத்துக்கொண்டு போனாள். மீதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

வேலை பெருகியதும் புது ஆட்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு கூட்டம் சேரும்போதும் முதலாளி அவர்களைக் கூட்டிவந்து பாதுகாப்பு பற்றிப் பேசுவான். முதல் தடவை, இங்கே ஒரு அக்கா எங்களுக்குத் தெரியாமல் கம்பியைக் கட்டிவிட்டார், கை போய்விட்டது என்று சொல்லிவிட்டு அக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்தானாம். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது, நானும் பரவாயில்லை என்று தலையாட்டினேன் என்றாள். அடுத்த தடவை பார்வை இல்லை. அதற்கடுத்த தடவை கதை கொஞ்சம் வளர்ந்தது. நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்கவில்லை என்று சேர்த்துக்கொண்டான். பிறகு, அன்றைக்குக் காலையில்கூட எச்சரித்தேன் என்று சேர்ந்தது. முதலில் அக்கா இதையெல்லாம் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரேடியோவுக்குப் போட்டியாகக் கதை விடுகிறான் என்றாள். கேட்பவர்கள் பயப்பட வேண்டுமே, அதற்காகச் சொல்கிறான் என்றாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் நடந்ததை எனக்கு ரேடியோதான் சொன்னாள். வழக்கமாக நீட்டி முழக்குகிறவள், இதைச் சுருக்கமாகச் சொன்னாள்.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு பேரும் நின்றார்கள். முதலாளி பேசிக்கொண்டே முன்னறைப் பக்கம் திரும்பி, அக்கா, ஒரு நிமிஷம் வாங்க, அந்தக் கையை இவங்களுக்குக் காட்டுங்க என்றான். அக்கா எழுந்து போனாள். கையை முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பெண்களில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். இவங்க எனக்கு அக்கா மாதிரி, ஆனாலும் என் பேச்சைக் கேக்கலை, அதனால வந்தது இது என்றான் முதலாளி. ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னான்.

அக்கா கையை இறக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். ரேடியோ கிட்டத்தில்தான் நின்றிருந்தாள், அக்கா கோபமாகக்கூட இல்லை என்றாள். எல்லோர் எதிரிலும் 'நீங்க' என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு அதையும் விட்டுவிட்டாள்.

"தம்பி, புழுக்கமா இருக்கு. ஜன்னலைத் திறந்து விடு."

உருளைப் பக்கம் நின்ற பழைய ஆட்களெல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் புரிந்தது. அவன் ஏதாவது செய்வான், தலையைக் குனிவான், கோபப்படுவான், ஓடிப்போவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான். இந்தச் சுவரைப் பார்த்தான், அந்தச் சுவரைப் பார்த்தான்.

"எந்த ஜன்னல் அக்கா? இங்க ஏது ஜன்னல்?" என்றான். உடம்புக்கு முடியலையா, தலை சுத்துதா, உக்காருங்க என்று நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். ஒருத்தியைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். அவ்வளவு அக்கறையாகச் சொன்னான் என்றாள் ரேடியோ. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அக்கா தண்ணீரைக் குடித்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு தடவை வண்டி ஓட்டுகிறவரை அனுப்பி விசாரித்தான். சம்பளம் எப்போதும் போல வந்து சேரும் என்று சொல்லி அனுப்பினான். வேண்டாம் என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள். தானே ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம். வரவில்லை. வரவேண்டிய அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

நான் பாட்டுக்கு என்னென்னவோ நினைத்துப் பார்த்தேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலில் போய் நின்று நாலு பேர் கேட்கக் கத்தியிருப்பேன். கூடத்தை மூடாமல் காப்பாற்றினான், அத்தனை பேர் அடுப்பு எரிகிறது, அதையும் இல்லை என்று சொல்ல முடியாது. நாற்காலி அவனை மாற்றும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மனுஷனின் ஞாபகத்தைக்கூட அது மாற்றிவிடும் என்று நானே நினைக்கவில்லை. கடுவன்பூனையை நினைத்துக்கொண்டேன். நாளைக்கே அந்த ஆள் எனக்கு ஒரு துரோகம் செய்தால் எனக்குக் கோபம்தான் வரும். என் அக்கா தனக்குக் கோபம் வரக்கூட இடம் வைத்துக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க நடந்த வாக்குவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். இந்த ஜெயத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியில் காய்ந்த விரிப்பை மடிக்க அவளைக் கூப்பிட்டேன். அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல்தான் கூப்பிட்டேன். இரண்டு முனையை நான் பிடித்தேன். எதிரே ஒரு முனையை அவள் இடது கையிலும், இன்னொன்றை மிச்சமிருந்த கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவிலும் இடுக்கிக்கொண்டாள். இழுத்துச் சுருக்கம் எடுத்தோம். பழக்க தோஷம், சரியாக மடிக்க வந்தது. மடிப்புக்காக அவள் என் கிட்டே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவன் நடிச்சிருக்கலாம் இல்லடி?" என்று கேட்டாள். "வெளியாளுங்க நின்னாங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடிச்சிருப்பான். நடிச்சான்னு சொல்லேன்."

முதலாளி பாசமெல்லாம் நடிப்பு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் நான். நடிப்பு இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சண்டை போட்டவள் அவள். இப்போது அவன் நடிகனாக இருந்தால் போதும் என்று என் கையைப் பிடித்துக் கேட்கிறாள்.

"நடிப்புதான்க்கா," என்றேன். "சுத்த நடிப்பு. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

அவள் விரிப்பை என் கையில் வைத்தாள். அதன்மேல் ஒரு சுருக்கம் இருந்தது, நீவிவிட்டாள்.

"இல்லடி," என்றாள். "அந்தப் பிள்ளை முகம் எனக்குத் தெரியும்."